பலத்த மழையும் ஸ்ட்ராங் டீயும்

ஜூன் 9, திங்கள்

அண்ணன் மகள் காவ்யா வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கையில் பயிற்சி மையத்தில் கொடுத்த சொற்பட்டியல். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே தமிழில் ஒரே ஒரு பொருள். ‘ஹெசிடேட்’ என்றால் தயங்கு. ‘ரிலக்டண்ட்’ என்றால் தயக்கமுள்ள.

“ரெண்டும் ஒண்ணுதானே அத்தை?”

கூட்டமாக வந்து நிற்கும் பஸ்ஸில் ஏறுவதா, அடுத்ததைப் பார்ப்பதா என்று யோசித்து நிற்பவர் செய்வது ஹெசிடேட். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கைக் கேட்க, சாவியை எடுக்க மனமே வராமல் உட்கார்ந்திருப்பவர் ரிலக்டண்ட். முதலாமவருக்கு இன்னும் முடிவு பிடிபடவில்லை, இரண்டாமவருக்கு இஷ்டமில்லை. இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

காலை நாளிதழில் ‘பலத்த’ என்ற சொல்லை மட்டும் தேடி அடிக்கோடிடச் சொன்னேன். பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த கரவொலி. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, காயத்துக்கு ‘சீரியஸ்’, பாதுகாப்புக்கு ‘டைட்’, கைதட்டலுக்கு ‘லவுட்’. ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதினால் அர்த்தம் புரியும். ஆனால் ஆங்கிலக் காதுக்கு இடறும்.

“ஏன் அப்படி?” என்றாள். காரணம் கேட்டுப் பயனில்லை; எது எதோடு சேரும் என்பது பழக்கம். மொழியியலாளர் ஹாலிடே இதற்குக் காட்டிய உதாரணம் நம் தெருமுனைக்கே பொருந்தும்: டீ என்றால் ‘ஸ்ட்ராங்’, கார் என்றால் ‘பவர்ஃபுல்’. “ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்று கேட்கிறவர் யாரும் ‘பவர்ஃபுல் டீ’ கேட்டதில்லை. அந்த ஜோடியை எந்தப் பட்டியலும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. கேட்டுக் கேட்டே வந்தது.

ஜூன் 14, சனி

அலமாரியில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கதையைச் சொன்னேன். ஏ. எஸ். ஹார்ன்பி 1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போனவர். அங்கே மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியம் அமையவில்லை. ஆகவே வினைச்சொற்களுக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்பதை 25 அமைப்புகளாகப் பிரித்து, உதாரண வாக்கியங்களோடு இரு நண்பர்களுடன் ஓர் அகராதி செய்தார். அது டோக்கியோவில் வெளிவந்த 1942இல் ஜப்பானும் இங்கிலாந்தும் போரில் இருந்தன! 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாக்கியது. இன்று அந்த அகராதியைப் புரட்டுகிறவர்களில் பலருக்கு அதன் ஜப்பான் பூர்விகம் தெரிந்திருக்காது.

அந்த 25 அமைப்புகளின் பயன் நமக்கும் உண்டு. ‘எனக்குச் சொல்லுங்கள்’, ‘எனக்கு விளக்குங்கள்’ இரண்டும் தமிழில் ஒரே வார்ப்பு. அதனால்தான் ‘டெல் மீ’ சரியாக வருகிற வாயில் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’யும் வந்துவிடுகிறது. ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ என்ற வாக்கியத்தைக் கண்ணில் பார்த்தால்தான் இது திருந்தும். ‘விளக்கு’ என்ற பொருளை நூறு முறை படித்தாலும் திருந்தாது.

பொருள் சொல்வதிலும் வித்தை இருக்கிறது. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே எல்லாவற்றையும் விளக்கியது. 1987இல் வந்த கோபில்ட், பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. என் ஓட்டு கோபில்டுக்கு. படிக்கச் சற்று நீளம்தான், ஆனால் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதும் பொருளோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. தமிழ்ப் பொருள் தரும் லிஃப்கோ அகராதியையும் ஒதுக்க வேண்டாம் என்றேன். முதல் நிமிடத்துக்கு அது போதும். இரண்டாம் நிமிடத்துக்குத்தான் வாக்கியம் வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

நோட்டை மாற்றிவிட்டாள். இப்போது சொல்லுக்கு எதிரே பொருள் இல்லை. சொல்லை விட்டுக் கோடு போட்ட ஒரு வாக்கியம். மறுநாள் கோட்டை நிரப்ப வேண்டும். தேர்விலும் இந்த வகைக் கேள்வி உண்டு, பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்கிறார்கள். புத்தக உதாரணத்தை அப்படியே எடுக்காமல் வீட்டு விஷயத்தை வைத்து எழுதச் சொல்லியிருந்தேன்.

‘ரிலக்டண்ட்’டுக்கு அவள் எழுதியிருந்தது: ‘மை ஆண்ட் இஸ் ரிலக்டண்ட் டு பை மீ எ ஃபோன்.’

இலக்கணம் சரி. தகவலும் சரி.