தூக்கணும்... ஆனா எதை?

நாமக்கல்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? முட்டை, ஆஞ்சநேயர், ஒரே பாறை மேல உட்கார்ந்திருக்கற கோட்டை... சரிதானே? எங்க மெக்கானிக்கல் பசங்களைக் கேட்டுப் பாருங்க, 'லாரி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. பாடி கட்டுற பட்டறை, பெயின்ட் பட்டறை, டயர் கடை, தார்ப்பாய் கடைன்னு ஊரே வண்டிக்காக உட்கார்ந்திருக்கு. அதுல நான் தேடிப் போனது பட்டைப் பட்டறை!

பட்டைன்னா வில்பட்டை. நம்ம புத்தகத்துல 'லீஃப் ஸ்பிரிங்'. பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் திறந்து ஃபார்முலா தேடி, மூணாவது செமஸ்டர்ல இருந்து நாம பயந்துக்கிட்டிருக்கோமே, அதேதான். இங்க அதை வாசல்லயே விறகுக் கட்டை மாதிரி அடுக்கி வெச்சிருக்காங்க.

நான் போன நேரம், கொல்லிமலையிலிருந்து ஒரு பிக்கப் வந்து நின்னுச்சு. சோளக்காடு சந்தையில அன்னாசியும் பலாவும் ஏத்திக்கிட்டு, 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்ற வண்டி. ஓனரே டிரைவர். முன்னாலயும் பட்டை, பின்னாலயும் பட்டை உள்ள பழைய மாடல்.

"மேஸ்திரி, தோட்டத்துப் பாதையில கல்லு தட்டுதுங்க. ரெண்டு இஞ்ச் தூக்கிக் குடுத்துடுங்க."

அறுபது வயசைத் தாண்டுன மேஸ்திரி பதிலே சொல்லலை. டார்ச்சை எடுத்துக்கிட்டு அடியில போயிட்டார். "என்ன கண்ணு படிக்கிறே? மெக்கானிக்கலா? அப்ப நீயும் வா!"

படுத்துப் பார்த்தா, பின் அச்சு நடுவுல இருக்கற கிரவுன் ஹவுசிங்கோட வயிறு, கல்லுல தேய்ஞ்சு தேய்ஞ்சு வெள்ளியாட்டம் மின்னுது. சேஸ் அடியில புழுதிதான். ஒரு கீறல் இல்லை.

விஷயமே இங்கதான் இருக்கு மக்களே! பட்டையில என்ன வித்தை பண்ணாலும் உசருறது பட்டைக்கு மேல இருக்கற சேஸும் பாடியும்தான். ஹவுசிங் அச்சோட அச்சா சக்கரத்துல தொங்குது. அது உசரணும்னா டயர் பெருசாகணும், வேற வழியே இல்லை. உதாரணத்துக்கு, 215/75 ஆர்15 டயரைக் கழட்டிட்டு 235/75 ஆர்15 மாட்டினா விட்டம் 30 மில்லிமீட்டர் கூடும். ஹவுசிங் அதுல பாதி, 15 மில்லிமீட்டர் உசரும். அவ்வளவுதான்! அதுக்கே மீட்டர் 50 காட்டும்போது வண்டி 52-ல போகும்.

இருந்தாலும் கடையில என்னென்ன இருக்குன்னு பார்க்காம விட முடியுமா? முதல்ல இரும்புக் கட்டை. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல வெச்சு, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கிட்டா வண்டி உடனே உசந்துடும். விலையும் கம்மி. ஆனா பிரேக் பிடிக்கும்போதும், கியர் போட்டு இழுக்கும்போதும் அச்சு முறுக்கிக்கிட்டுப் பட்டையை 'எஸ்' மாதிரி வளைக்கும். கட்டை உசர உசர அந்த முறுக்கும் கூடும். "பின்னால வேணும்னா யோசிக்கலாம். முன் அச்சுக்குக் கட்டை வெக்கச் சொன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்கன்னுடுவேன்"னார் மேஸ்திரி. திரும்புற சக்கரமாச்சே!

அடுத்தது நீள ஷேக்கிள். இதுல ஒரு கணக்கு இருக்கு. பட்டையோட ஒரு முனை மட்டும்தான் ஷேக்கிள்ல தொங்குது, அச்சு இருக்கறது நடுவுல. அதனால ஷேக்கிள் 2 இஞ்ச் நீண்டா வண்டி உசருறது 1 இஞ்ச்தான். கூடவே அச்சும் லேசா சாயும். முன்னால ஸ்டீயரிங் தானா நேராகற குணம் கெடும், பின்னால புரொப்பல்லர் ஷாஃப்ட்டோட கோணம் மாறும்.

மூணாவது, ஒரு பட்டை சேர்க்கறது. லோடு வண்டிக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. எனக்கு இதுலதான் சுவாரஸ்யம். பட்டையோட விறைப்பு, தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலா 8 போட்டா, ஒரு பட்டைக்கு விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! எக்ஸாம்ல எழுதுனப்ப அது வெறும் நம்பர். இங்க அது, லோடு இறக்கிட்டு காலியா மலை ஏறும்போது பின்சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளுற சமாச்சாரம்.

"அதெல்லாம் பரவால்ல மேஸ்திரி, பார்க்கவும் கம்பீரமா இருக்கணுமில்ல"ன்னார் ஓனர். மேஸ்திரி என்னைப் பார்த்தார், "நீ சொல்லு கண்ணு."

நோட்டை எடுத்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் 1.4 மீட்டர், லோடோட ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உசரம்னு வெச்சுக்குவோம். அகலத்தை உசரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 0.70. வண்டியை 5 சென்டிமீட்டர் தூக்கினா சுமார் 0.67. வளைவுல கவிழாம தாங்குற சக்தியில சுமார் 5 சதவிகிதம் காலி. கேட்க சின்னதா இருக்கும். அன்னாசி லோடோட வளைவுல திரும்பறவருக்கு?

பிரேக் கதையும் இருக்கு. சில வண்டிகள்ல, பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். இடைவெளி குறைஞ்சா 'லோடு இருக்கு'ன்னு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். வண்டியைத் தூக்கிட்டு அந்தக் கம்பியைச் சரிபண்ணாம விட்டா, முழு லோடு இருந்தாலும் வால்வுக்கு வண்டி காலிதான்! பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் நீளம் பத்துதான்னும் பார்க்கணும்.

சட்டம் வேற. கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வெச்சு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. லோடு வண்டின்னா எஃப்.சி.க்கும் போய் நிக்கணும்.

இதுக்குள்ள மேஸ்திரி அச்சுக்கும் சேஸுக்கும் டேப் பிடிச்சார். இடது பின்பக்கம் முக்கால் இஞ்ச் இறக்கம். "கழட்டுங்கடா!" சென்டர் போல்ட்டை உருவி, பட்டைகளை ஒண்ணொண்ணா பிரிச்சா... ரெண்டாவது பட்டையில, போல்ட் ஓட்டையை ஒட்டி விரிசல். உள்ளே துருவே ஏறிப்போச்சு. ரொம்ப நாளா இருக்குன்னு அர்த்தம்.

"இதோடயாங்க மலை இறங்கிட்டிருந்தீங்க?"

ஓனர் அதுக்கப்புறம் கம்பீரத்தைப் பத்திப் பேசலை.

முடிவு இதுதான். விரிசல் பட்டைக்குப் பதில் அதே தடிமன்ல புதுசு, ரெண்டு பக்கமும் மாத்தணும். படுத்துப்போன பட்டைகளுக்குப் பழைய வளைவு. இழுபட்ட யூ போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு. இந்த மாடலோட இன்னொரு வகைக்குக் கம்பெனியே கொடுக்கற பெரிய டயர், பாரம் தாங்குற அளவு குறையாம. கட்டையும் கிடையாது, நீள ஷேக்கிளும் கிடையாது.

வளைவு எடுக்கறது தனி அழகு. நெருப்பே இல்லை. பட்டையைப் பட்டடையில குறுக்கே வெச்சு, ஒருத்தர் நகர்த்த நகர்த்த இன்னொருத்தர் சுத்தியலால அடிக்கிறார். 'ஏன் சூடு பண்ணலை?'ன்னு கேட்டேன். "சும்மா காய்ச்சி வளைச்சா பதம் போயிடும் கண்ணு. மறுபடி எண்ணெயில தோய்ச்சுப் பதம் ஏத்தணும். இல்லேன்னா நாலு நாள்ல படுத்துக்கும்." நம்ம மெட்டலர்ஜி பேப்பர் மொத்தமும் ரெண்டு வரியில!

இந்த வண்டி திரும்பிப் போறது ஓரி ஆண்ட மலைக்கு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு அஞ்சையும் ஒரே அம்புல வீழ்த்தினதா புறநானூறு சொல்ற அதே வல்வில் ஓரி. அவர் ஊர் வண்டிக்கு வில் தயாராகறதை, காதைப் பொத்திக்கிட்டு நான் பார்த்துட்டிருந்தேன்.

சாயங்காலம் வண்டி இறங்கிச்சு. மேஸ்திரி கையைத் துடைச்சுக்கிட்டே, "ரெண்டு டிரிப் அடிச்சுட்டு வந்துடுங்க. புதுப் பட்டை உட்கார்ந்ததும் யூ போல்ட் இளகும், மறுபடி முறுக்கணும்"னார்.

"அதுக்கு எவ்வளவுங்க?"

"முறுக்கறதுக்கு என்னங்க காசு? வரும்போது ஒரு அன்னாசி எடுத்தாங்க."