மஞ்சாடிச் சிவப்பு

பொருளை வாங்குகிறவன் முதலில் பயனைப் பார்க்கிறான், அடுத்து விலையைப் பார்க்கிறான், நிறத்தைக் கடைசியில்தான் பார்க்கிறான் என்று சொல்வது வழக்கம். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. என் மகள் தன் முதல் மகிழுந்தை வாங்க முடிவு செய்தபோது, எந்த வண்டி என்பது ஒரே மாலையில் தீர்ந்துவிட்டது. எந்த நிறம் என்பதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

அவள் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகப் பணிபுரிகிறாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நாள்தோறும் போய்வர வேண்டும். இரவுப் பணியும் உண்டு. இதுவரை என் பழைய வண்டியை ஓட்டி வந்தாள். இப்போது அவள் உள்ளம் நாடியது, நான்கு கதவுகள் இருந்தும் பந்தய வண்டியின் சாயல் கொண்ட, தாழ்ந்து அகன்ற ஒரு மகிழுந்து. (வகுப்பறையில் மகிழுந்து என்றே எழுதிப் பழகிவிட்டேன். வீட்டில் எங்களுக்கும் அது காடிதான்.)

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி ஜூருவில் உள்ள ஆட்டோ சிட்டியை இவ்வட்டாரத்தார் அறிவர். ஒரு பக்கம் வண்டிக் காட்சியகங்கள், மறுபக்கம் உணவுக் கடைகள். வண்டி பார்க்க வந்தவர்களும் வயிற்றைப் பார்க்க வந்தவர்களும் கலந்தே நடமாடுவார்கள். அங்கே ஒரு காட்சியகத்தில் சீன இளைஞர் ஒருவர், "அங்கிள், உட்காருங்கள்" என்று எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, மகளிடம் வண்ண அட்டையை விரித்தார்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு அந்த அட்டையில் நிறங்களைவிடப் பெயர்களே முதலில் கண்ணில் பட்டன. வெள்ளைக்குப் பனியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் தவிர வேறெங்கும் பனியைக் காணாத நாட்டில் பனி வெள்ளை! சாம்பல் நிறத்துக்கு விண்வெளி, கறுப்புக்கு ஏதோ ஒரு படிகக் கல். பினாங்கு லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்குச் சேலை வாங்கப் போகும் நம் பெண்களைக் கேட்டால் இதைவிட நல்ல பெயர்களைச் சொல்லிவிடுவார்கள். மாந்தளிர், மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, அரக்கு, வெங்காயச் சருகு என்று அவர்கள் சொல்லும்போது, கண்ணால் கண்ட ஒரு பொருள் ஒவ்வொரு பெயருக்குள்ளும் இருக்கிறது. சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நிறம் மனத்தில் வந்து நிற்கிறது.

மகளுக்கு எடுத்த எடுப்பிலேயே சிவப்புப் பிடித்துவிட்டது. எனக்கு வெள்ளை. வீடு திரும்பும் வழியில் தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்தேன். கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களையும் உரியியலில் அவர் வெகுளிப் பொருளில் முதலில் வைக்கிறார்; அவை நிறத்தை உணர்த்துவதற்கும் உரியவை என்று அதன் பிறகே சொல்கிறார். இன்றும் சினந்தவரின் முகம் சிவந்தது என்கிறோம், கறுத்தது என்றும் சொல்கிறோம். இவற்றை விளக்கிக்கொண்டு வந்தேன். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரண்டு கோபக்காரர்களையும் தள்ளிவிட்டால் மிச்சம் வெள்ளைதானே? அதற்காகத்தானே அப்பா தொல்காப்பியரை இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்கள்?" என்றாள்.

வெள்ளைக்கு என்னிடம் வேறு காரணங்களும் இருந்தன. நம் நாட்டு வெயில் முதற்காரணம். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வண்டிகளை, ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்திச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். கறுப்பு வண்டியின் கூரை மற்றதைவிட 25 பாகை செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறியது. உள்ளிருந்த காற்று 5 அல்லது 6 பாகை கூடுதலாக இருந்தது. வெள்ளையும் வெள்ளியைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புவதே. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட விபத்து ஆய்வு ஒன்றும் உண்டு. பகல் வெளிச்சத்தில் வெள்ளை வண்டியைவிடக் கறுப்பு வண்டி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு அதிகம் என்றும், சிவப்புக்கு 7 விழுக்காடு அதிகம் என்றும் அதில் கண்டனர். ஏழு விழுக்காடு பெரிதல்ல என்பாள் அவள். பெற்றவனுக்கு அது சிறிதல்ல.

மூன்றாவது காரணத்தைச் சொன்னது நானல்ல. நண்பர்கள், உறவினர், பக்கத்து வீட்டார், காட்சியகத்து இளைஞர் உட்பட எல்லாரும் சொன்னார்கள். வெள்ளையும் வெள்ளியும் கறுப்பும்தான் திரும்ப விற்கும்போது விலை போகுமாம். நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் இந்த அறிவுரைக்கு எவ்வளவு பேர் செவிசாய்த்திருக்கிறார்கள் என்பது விளங்கும். வெள்ளை, சாம்பல், கறுப்பு, மீண்டும் வெள்ளை. எந்த நிறமும் கிடைக்கும் காலத்தில், நிறமே இல்லாத ஊர்வலம் போல வண்டிகள் செல்கின்றன. அமெரிக்காவில் 1914 முதல் 1925 வரை ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி வண்டி கறுப்பில் மட்டுமே வந்தது. அந்தப் பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது. 1923-இல் டூப்பாண்ட் நிறுவனத்தின் விரைந்து உலரும் 'டியூக்கோ' பூச்சு ஓக்லண்டு வண்டிகளில் நீல நிறமாக வந்தது. வாரக்கணக்கில் உலர வேண்டிய வேலை நாள்கணக்காகச் சுருங்கியது. அன்று மக்களுக்கு நிறம் கிடைக்கவில்லை. இன்று கிடைக்கும் நிறத்தை நாமாகவே வேண்டாம் என்கிறோம்.

மறுவிற்பனைப் பேச்சை மட்டும் மகளால் பொறுக்க முடியவில்லை. "ஒன்பது ஆண்டு தவணை கட்டப் போகிறவள் நான். அதற்குப் பிறகு வாங்கப் போகிற முகம் தெரியாத ஒருவருக்குப் பிடிக்குமா என்று பார்த்தா நான் நிறம் எடுப்பது?" என்றாள். இதற்கு என்னிடம் விடை இல்லை. மற்றவர்களிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

சிவப்புக்கு எதிராக நான் வைத்த கடைசி வாதம் வெளுப்பு. 1980-களில் வாங்கிய சிவப்பு வண்டிகள் சில ஆண்டுகளில் கூரையிலும் முன்மூடியிலும் வெளிறி, இளஞ்சிவப்பாகிப் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிவப்பு சிவப்பாகத் தெரிவதே, நீல ஒளியையும் பச்சை ஒளியையும் தான் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே விடுவதால்தான். விழுங்கும் ஒளியின் ஆற்றல் மிகுதி. அது நிறமியைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. மகள் பொறியாளர் அல்லவா, இதை மறுக்கவில்லை. அன்று நிறப்பூச்சே வெயிலை நேராகத் தாங்கியது, இன்று நிறத்தின் மேல் தெளிபூச்சு ஒன்று இருக்கிறது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளை அதில் கலக்கிறார்கள் என்று விளக்கினாள். அடிப்பூச்சு, இடைப்பூச்சு, நிறம், தெளிபூச்சு எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கனம் என்று அவள் சொன்னபோது வியந்தேன். நாங்கள் மூன்று வாரமாகப் போராடியது அந்த மெல்லிய தோலுக்காக.

வெளுக்காத சிவப்பு ஒன்றை எனக்குத் தெரியும். இந்நாட்டின் முதல் தேசிய மகிழுந்து 1985 ஜூலை 9-ஆம் நாள் வெளிவந்தது. பெயர்ப் போட்டி வைத்துச் சாகா என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் அந்த வண்டியைத்தான் ஓட்டிக் கடந்தார். சாகா என்பது மலாயில் ஒரு மரத்தின் பெயர். அதன் விதை மின்னும் சிவப்பு. தமிழில் அதற்கு ஆனைக்குன்றிமணி என்று பெயர். மஞ்சாடி என்பதும் அதுவே. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று நம் பொற்கொல்லர் தங்கம் நிறுத்தது இந்த விதையால்தான். பள்ளித் திடலோரத்தில் மாணவர் பொறுக்கி வந்து என் மேசையில் கொட்டிய மஞ்சாடி விதைகள் ஒரு கண்ணாடிப் புட்டியில் இருபது ஆண்டுகளாக இருக்கின்றன. நிறம் இம்மியும் மாறவில்லை. மகள் அந்தப் புட்டியை எடுத்து வண்ண அட்டையின் அருகே வைத்துப் பார்த்தாள். அட்டைச் சிவப்பு சற்று இருண்டிருந்தது.

அன்றிரவுதான் என் தந்தையாரைப் பற்றி அவளிடம் சொன்னேன். தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர் அவர். தோட்டத்துத் துரையின் வண்டி கறுப்பு. செம்மண் சாலையில் தொலைவில் அந்தக் கறுப்புத் தெரிந்ததுமே, மிதிவண்டியில் போகிற தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். வண்டி கடந்து, புழுதி அடங்கிய பிறகே மீண்டும் ஏறலாம். இது எங்கள் தோட்டத்தில் மட்டும் இருந்த கொடுமையல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, ஐரோப்பியரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர்.

என் தந்தையாருக்கு வண்டியின் நிறம் என்பது எப்போது இறங்க வேண்டும் என்று அறிவிக்கும் அடையாளம். அவர் தம் வாழ்நாளில் வண்டி வாங்கவில்லை. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு பழைய வண்டியை வாங்கினேன். வெளிறிய மஞ்சள். நிறத்தை நான் கேட்கவில்லை. என் கையில் இருந்த பணத்துக்கு அந்த வண்டி கிடைத்தது, அதன் நிறம் அதுவாக இருந்தது. தந்தையார் அதை ஒருமுறை சுற்றி வந்து, "தூரத்தில் பார்த்தால் இதுக்கு யாரும் இறங்க மாட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா என்பது இப்போது நினைவில்லை.

மகள் இந்தக் கதையைத் தன் சிவப்புக்கு வாதமாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் அதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நிறம் பிடித்திருந்தது, அவ்வளவே. ஆனால் பிடித்திருக்கிறது என்னும் ஒன்றே போதிய காரணமாக நிற்பதற்கு எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. அதன் பிறகு நான் வெள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

நிறம் முடிந்தது, மற்றவை தொடங்கின. இங்கேதான் நான் விட்டுக்கொடுக்க மறுத்தேன். அந்த வண்டி மூன்று வகையாக விற்கப்பட்டது. நடுத்தர வகையில் ஆறு காற்றுப்பைகள் இருந்தன. முன்னே ஏதேனும் குறுக்கிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பு மட்டும் உயர்ந்த வகையில்தான் உண்டு. அதை வாங்கினால் கூரைச் சாளரம், பெரிய ரிம், பின்புற இறகு, இருக்கையில் சிவப்புத் தையல் எல்லாம் சேர்ந்தே வரும். கோழி வேண்டுமானால் கூண்டையும் வாங்கு என்பது போன்ற வாணிகம் இது. கூரையைத் திறந்து வானம் பார்ப்பதற்கு நம் நண்பகல் ஏற்றதா? மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் போகக்கூடாது என்னும்போது பின்புற இறகு எதை அழுத்திப் பிடிக்கப் போகிறது? பெரிய ரிம் என்றால் டயரின் பக்கச்சுவர் மெலிதாகும். குழியில் விழுந்தால் அடி நேரே இடுப்புக்கு வரும், டயரின் விலையும் கூடும்.

இத்தனையும் எனக்குத் தெரிந்தும் உயர்ந்த வகையையே வாங்கச் சொன்னேன். நள்ளிரவில் பணி முடிந்து, மழையில், சரக்கு லாரிகளுக்கு நடுவே பட்டர்வொர்த் கூலிம் நெடுஞ்சாலையில் வருகிறவளுக்கு அந்தப் பிரேக் அமைப்பு ஒரு நொடியாவது ஈட்டித் தரும். விலை வேற்றுமையை நான் தருகிறேன் என்றேன். அவள் ஏற்கவில்லை. தன் சேமிப்பிலிருந்து முன்பணத்தைக் கூட்டிக் கட்டினாள். ஒன்பது ஆண்டுத் தவணையை ஏழாகவும் குறைத்தாள். காட்சியகத்தார் தனியே விற்கும் அலங்காரப் பொருள்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். கண்ணாடித் திரையில் சிறு விவாதம்: முழுவதும் கருந்திரை வேண்டும் என்றாள். 2019-இல் வந்த விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கச் சன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விடவேண்டும். பின்புறம் மட்டும் எவ்வளவும் கறுக்கலாம். சட்டமே என் பக்கம் நின்றதால் அது விரைவில் முடிந்தது.

விற்பனைத் தாள்களில் நிறத்தின் பெயர் நீளமாக ஆங்கிலத்தில் இருந்தது. சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் அது வெறும் 'மேரா', சிவப்பு. பின்னாளில் மாற்றிப் பூசினால் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று இளைஞர் நினைவூட்டினார். மகள் சிரித்தாள்.

இவ்வளவு பேசிய எங்களில் யாருக்கும் என் தாயாரின் முழங்கால் நினைவுக்கு வரவில்லை. தொண்ணூறை நெருங்கும் அவருக்கு நிறத்தைச் சொன்னபோது, "மாரியம்மனுக்கு உகந்தது" என்று ஒப்புதல் தந்துவிட்டு, "காடி எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டார். வண்ண அட்டையில் அதற்கு விடை இல்லை. மறுநாள் அவரையே ஜூருவுக்கு அழைத்துச் சென்றோம். பின்னிருக்கையில் அவரால் நுழைய முடியவில்லை; கூரை சரிந்து வந்து தலையைத் தடுத்தது. முன்னிருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, இளைஞர் ஒருபுறமும் நான் மறுபுறமும் பிடித்துக்கொள்ள, முதலில் உட்கார்ந்து பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். முன்பலகையைத் தடவிப் பார்த்தார். இறங்குவதற்கு அதைவிட நேரம் பிடித்தது. மூன்றாம் முறை ஏறி இறங்கியபோது எங்கள் கை வேண்டாம் என்று கதவின் விளிம்பைத் தாமே பற்றிக்கொண்டார். வண்டி இரண்டு மாதத்தில் வருமாம். முதல் நாள் கோயிலுக்குப் போகும்போது முன்னிருக்கை தமக்கென்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.