பழுது பெட்டியில் இல்லை

எங்கள் நாரணாபுரத்தில் வெடிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டு ஹோம் தியேட்டரின் சப்வூஃபரில்தான் சத்தம் சவலையாக இருந்தது. "பெரிய பெட்டியா வாங்கிடுங்க சார்" என்றார் கடைக்காரர்.

என் மனைவிக்குக் காது மந்தம். வயதாக ஆக முதலில் குறைவது கீச்சுச் சத்தங்கள். கனத்த சத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் போகும். பாட்டில் அவளுக்கு மிஞ்சியிருப்பது இந்த 'பேஸ்' மட்டுமே. அதனால் விட மனமில்லை.

முதலில் ஒயர்களைப் பார்த்தேன். பிளஸ், மைனஸ் சரியாகவே இருந்தன. ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும், கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்தேன். பெட்டியின் பின்னால் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுக் கேட்டு, சத்தம் கூடிய பக்கமே விட்டேன். கொஞ்சம் தேறியது.

மிச்சக் குறை அறையில் இருந்தது. அறையின் நீளம் 14 அடி. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 28 அடி. அதில் சரிபாதி அறைக்குள் அடங்குவதால், அந்தச் சத்தம் சுவரோரம் பலமாகவும் நட்டநடுவில் இல்லாதது போலவும் ஆகிவிடும். அவள் நாற்காலி கிடந்ததோ நட்டநடுவில்!

நாற்காலியை மூன்றடி பின்னுக்கு இழுத்தேன். பேரன் பெட்டியை மூலைக்கு நகர்த்தினான். 1978-ல் ஸ்டீரியோவில் பதிவான 'பிரியா' படப் பாட்டைப் போட்டோம். அவள் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

பெட்டியை மாற்றுமுன் நாற்காலியை மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லை. இரவு ஒன்பதுக்குமேல் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுகிறோம். அக்கம்பக்கத்தார் தூங்கவேண்டுமே!