பனியின் மேற் பழி

மலைநாட்டுத் தோட்டங்களிற் குழந்தை இருமினால், நாம் பனியின் மேற் பழி சுமத்துகிறோம். அதே பனி துரைமாரின் பங்களாக்களிலும் பெய்கிறது. அங்கே புகைபோக்கியும் கண்ணாடிச் சாளரமும் உள. பழைய லயத்துக் காம்பிராக்களிலோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்துள் ஒரு குடும்பமே உறங்குகிறது. விறகடுப்பின் புகை வெளியேற வழியின்றிக் கூரையின் கீழ்ச் சுழல்கிறது.

நியூமோனியாவுக்குக் காரணம் கிருமிகளே. ஆயினும் புகை சுவாசப்பையைப் புண்படுத்தி அவற்றுக்கு வாயில் திறக்கிறது; இடநெருக்கடி அவற்றைப் பரப்புகிறது; போசாக்கின்மை உடலின் எதிர்ப்பைக் குலைக்கிறது. 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 740,000 குழந்தைகளை இந்நோய் உலகெங்கும் பலிகொண்டது. அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளின் பிள்ளைகள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் ஊட்டுதல், தடுப்பூசி, கைகழுவுதல், மூச்சு விரைந்தால் உடனே மருத்துவரை நாடுதல் ஆகியவற்றை நாம் தாய்மாருக்குப் போதிக்கிறோம், போதிக்கவும் வேண்டும். ஆனால், விடியுமுன் அடுப்பெரித்துக் கொழுந்து பறிக்க விரைபவளிடம் காற்றோட்டத்தின் சிறப்பைப் பேசுவது, சாளரமற்ற சுவருக்கு உபதேசம் செய்வதாகும்.

2008ஆம் ஆண்டில் தேசியத் திட்டத்திற் சேர்ந்த ஹிப் தடுப்பூசி தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. புகைபோக்கியும் சாளரமும் அவ்வாறே அவர்களின் உரிமையாதல் வேண்டும். நல்ல வீடும் நியாயமான கூலியும் மருந்தே. அவற்றைக் கேட்பதும் நோய்த்தடுப்பே.