பெரியம்மா சொன்ன திருத்தம்

வானொலியில் இரங்கல் செய்திகளை நிறையவே வாசித்திருக்கிறேன். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போன ஒன்று. அதனால்தான் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள்.

நன்றாகவே பேசினேன். சுங்கை பட்டாணி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1972இல் தாத்தா இறந்தபோது பாட்டிக்கு 31 வயது, நான்கு பிள்ளைகள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும்.

மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், சீவ முடியாது. ஒருமுறை நான் நிகழ்ச்சியில், "இதமான மழைக்காலை வணக்கம்" என்று சொல்லிவிட்டேன். அன்றே பாட்டியின் அழைப்பு வந்தது. "மழ பேஞ்சா வேல இல்ல, சம்பளம் இல்ல. அதுல என்னாடி இதம்?"

இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் அம்மா ஆசிரியரானதைச் சொல்லி, 'தனி ஒருத்தியாக நான்கு பிள்ளைகளையும் ஆளாக்கினார்' என்று முடித்தேன்.

பிறகு சமையற்கட்டுக்குப் போனேன். பெரியம்மா வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா பேசுனம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தனி ஒருத்தி இல்ல. ரெண்டு பேரு."

தாத்தா இறந்த வருடம் பெரியம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்திருக்கிறார். அடுத்து பட்டணத்தில் புகுமுக வகுப்பு. யூனிஃபார்ம் துணிகூட எடுத்தாகிவிட்டது. ஆனால் பாட்டி இருட்டில் கிளம்பிவிட்டால் தம்பி தங்கைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப யார்? இரண்டு வயதுச் சின்ன மாமாவை ஆயாக் கொட்டகையில் விட யார்? அதன்பின் நிரைக்கு ஓடி, பால் எடுக்கப் பாட்டிக்குக் கைகொடுக்க வேண்டும்.

"போகாதன்னு அம்மா சொல்லல. போன்னும் சொல்லல" என்றார் பெரியம்மா. பாட்டி மீது கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார்.

நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள். எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் எதுவரை படித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சமைப்பார், நாங்கள் சாப்பிடுவோம்.

வேறென்ன கேட்பதென்று தெரியாமல், "அந்தத் துணி என்னாச்சு பெரியம்மா?" என்றேன்.

"உங்கம்மாவுக்கு ரெண்டு கவுன் தச்சாங்க. நல்ல துணி, ரொம்ப நாள் வந்துச்சு."

தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே, "ஞாபகம் இருக்குக்கா" என்றார்.