வேலூரா, நெல்லூரா?

கப்பல் பட்டியல்களில் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் டர்பனைத் தொட்டது முதல் 1911 வரை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆளுக்கொரு வரி: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். அந்த வரிகளை யார் யாரோ கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்; அதில் பிழை கண்டால் நான் திருத்துகிறேன். பட்டியலை எழுதிய குமாஸ்தா ‘மேற்படி’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘Do.’ என்று சுருக்கிப் போட்ட குறியை, நம் பத்திரங்களின் ‘ஷை’ மாதிரியானதை, ‘டோ’ என்ற ஊராக்கிய புண்ணியவானும் உண்டு.

டர்பனிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். கொள்ளுத்தாத்தா ஊர் நெல்லூர் என்கிறது இணையப் பதிவு. வீட்டில் தெலுங்கு வாடையே கிடையாதாம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்தேன். ஜில்லா வட ஆற்காடு. நெல்லூரோ அப்போதே தனி ஜில்லா. அதை மட்டும் வைத்துத் திருத்த மனம் வரவில்லை. குமாஸ்தாவே தப்பாக எழுதியிருந்தால்? அதே பக்கத்தில் நாராயணசாமி, வீராசாமி என்று சந்தேகமில்லாமல் படிக்க முடிந்த பெயர்களைப் பொறுக்கி, அவர் ஆங்கில ‘என்’னையும் ‘வி’யையும் எப்படிப் போடுகிறார் என்று பழகினேன். ‘வி’க்கு முன்னால் ஒரு சுழி சுழிப்பது அவர் வழக்கம். ஏற்றியவர் அந்தச் சுழியையும் ஒரு காலாக எண்ணி ‘என்’ ஆக்கிவிட்டார். வேலூரேதான். திருத்தினேன்.

அதே வரியில் பெயர் ‘மூன்சாமி’. முனுசாமி என்று எனக்குத் தெரியாதா? ஆனால் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியது அதுதான்; அந்த அம்மாள் வீட்டுக் குடும்பப் பெயராக இன்றும் நிற்பது அதுதான். ஏற்றியவரின் கண் செய்த பிழை என் பொறுப்பு. குமாஸ்தாவின் காது செய்ததில் கைவைத்தால், அது ஆவணமாக இராது, என் உரையாகிவிடும். முனுசாமியைக் குறிப்பில் மட்டும் சேர்த்தேன்.

பழைய ‘நெல்லூ’ரையும் அழிக்கவில்லை, திருத்தத்தின் கீழே விட்டுவைத்தேன். அதை நம்பிச் சொந்தக்காரர்கள் வம்சாவளிகளில் படியெடுத்துவிட்டார்கள். அந்த ஊரைப் போட்டுத் தேடுகிறவர்களும் இந்த வரிக்கு வந்து சேர வேண்டுமே.

வேலூர் என்று எழுதியதும், கிராமம் எது என்று கேட்டார் அந்த அம்மாள். அந்தக் கட்டத்தில் மை ஊறிப்போய், கடைசியில் ‘பாடி’ மட்டும்தான் தேறுகிறது. வேலூரைச் சுற்றிப் ‘பாடி’க்கா பஞ்சம்! படித்த அளவை எழுதி, மிச்சத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.