சொட்டும் இடமும் நுழையும் இடமும்

வைகாசி முடிவில் தென்மேல் பருவக்காற்று அட்டன் மலைகளைத் தொட்டதும், கொட்டகலைத் தோட்டத்து லயங்களில் சில பாத்திரங்கள் தம் தொழிலை மாற்றிக்கொள்ளும். விளிம்பு நெளிந்த குண்டான், பெயின்ற் வாளி, வெறுமையான பால்மா டின் ஆகியன அடுப்படியை விட்டெழுந்து வந்து, கட்டிலின் தலைமாட்டிலும் சுவாமி படத்தின் முன்னும் அமர்ந்துகொள்ளும். எது எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதை வீட்டிலுள்ள சிறு குழந்தையும் அறியும். சில நாள்களில் சிங்கமலைச் சுரங்கத்துக்கு அப்பால் அட்டனில் வெயில் காயும். புகைவண்டி சுரங்கத்தை விட்டு வெளிவரும்போது கொட்டகலையில் மழை பொழிந்துகொண்டிருக்கும். அத்தகைய ஊர் எமது ஊர்.

"எங்கே ஒழுகுகிறது?" என்று ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் சொட்டுகின்ற இடத்தையே விரல்நீட்டிக் காட்டுவர். ஆனால் நீர் நுழையும் இடம் வேறு, விழும் இடம் வேறு. தகரத்திலுள்ள ஓர் ஊசித்துளை வழியாக உள்ளே வந்த நீர், அங்கேயே விழுந்துவிடுவதில்லை. தகரத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு கீழிறங்கும். கைமரத்தையோ குறுக்குச் சட்டத்தையோ தொட்டதும் அதன்மேல் ஏறிக்கொண்டு பயணம் செய்யும். மரத்தில் ஒரு முடிச்சோ, பொருத்தோ, துருத்திய ஆணியோ வழிமறிக்கும்போதுதான் கீழே விழும். இதற்குள் அது ஐந்தடியும் நடந்திருக்கும், பத்தடியும் நடந்திருக்கும். வகுப்பறையில் கூச்சல் எழுந்த மூலையில் குற்றவாளி இருப்பதில்லை என்பதை இருபதாண்டுக் காலக் கற்பித்தலில் நாம் அறிந்துள்ளோம். ஒழுக்கும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இத்தகரத்தின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டை அலையலையாக நெளித்தால் மெல்லிய தகடும் பாரந்தாங்கும் என்பதைக் கண்டு, 1829ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றவர் லண்டன் துறைமுகக் கம்பனியின் பொறியியலாளரான ஹென்றி பாமர். இரும்புக்கு நாகப் பூச்சிட்டுத் துருவைத் தடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்து பிறந்ததே நாம் அறிந்த நெளிதகரம். கட்டுக்கட்டாகத் தூக்கிச் செல்லலாம், ஓடுபோல் உடையாது, கூரைக்குக் கனத்த மரம் வேண்டியதில்லை. மலைமேல் விரைவாகவும் மலிவாகவும் கட்டிடம் எழுப்ப விரும்பியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதன் கீழே படுத்துறங்குவோர் மழையிரவில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்க முடியாது என்பதை எவரும் கணக்கிலெடுக்கவில்லை.

தகரம் கெடுவது பெரும்பாலும் தகரத்தால் அன்று, ஆணியால். நெளிவின் மேட்டில் அறைய வேண்டிய ஆணியைப் பள்ளத்தில் அறைந்துவிட்டால், ஓடும் நீரின் பாதையிலேயே துளையிட்டவர்கள் ஆகிறோம். மேட்டில் அறைந்ததும் நிரந்தரமன்று. பகல் வெயிலில் தகரம் நீளும். இரவுக் குளிரில் சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு அசைந்து அசைந்து ஆணித்துளை அகன்றுவிடும், வாஷர் வெடித்துவிடும். தகரத்தின்மேல் தகரம் ஏறிநிற்கும் இடத்தில் இடைவெளி மிக நெருக்கமானால், இரண்டுக்கும் நடுவே நீர் தானாகவே மேல்நோக்கி ஏறும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறும் அதே விதிதான். காற்றுக்குப் பயந்து கூரைமேல் ஏற்றிவைக்கும் கல்லும் பழைய டயரும் வேறு. காற்றைத் தடுக்கின்றன, உண்மை. ஆனால் சருகும் ஈரமும் அவற்றின் அடியில் தேங்கி, துரு முதன்முதல் அங்கேதான் கண் திறக்கிறது. பாரம் வைக்கத்தான் வேண்டுமென்றால், வேனில் காலத்தில் ஒருமுறையேனும் அதை நகர்த்திக் கூட்டித் துடைக்க வேண்டும்.

இன்னொரு வகை ஒழுக்கும் உண்டு. அது ஒழுக்கே அன்று. தை மாசி மாதங்களில் வானில் ஒரு முகிலும் இல்லாத இரவிலே, விடியற்காலையில் போர்வைமேல் துளித்துளியாக நீர் விழும். எமது சிறுவயதில் "தகரம் வேர்க்கிறது" என்று பாட்டி சொல்வார். அறிவியலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. அடுப்பில் கொதிக்கும் நீரின் ஆவியும் ஓர் அறையில் உறங்கும் ஐந்தாறு பேரின் மூச்சும் மேலே எழுந்து, பனிபோலக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராகி விழுகின்றன. இதற்குத் தார் பூசுவது வீண். மழையில்லாத இரவில் சொட்டுகிறதா, ஓரிடத்தில் அன்றிப் பரவலாகச் சொட்டுகிறதா, அடுப்படிப் பக்கம் மிகுதியாக இருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். மருந்து காற்றோட்டம் ஒன்றே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு சன்னலைத் தேடிப்பிடிப்பது எளிதன்று என்பது வேறு விடயம்.

கனடாவில் குடியேறிய எமது மைத்துனர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த பெரிய வாகனம் அது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏறிக் காடும் ஏரியும் காணச் செல்வார்களாம். வாங்கிய மறு மழையிலேயே அதுவும் ஒழுகத் தொடங்கிற்று! தொலைபேசியில் அவர் அதைத் துருவித் துருவி விவரித்தபோது, லயத்துக் கூரையைப் பற்றியே பேசுகிறாரோ என்று நாம் ஐயுற்றோம். அங்கும் நீர் புகுவது கூரையின் பரப்பால் அன்று. எங்கெங்கே மனிதன் துளையிட்டானோ அங்கெல்லாம். காற்றுப்போக்கியின் சுற்றுவட்டம், அன்டனாவின் அடிப்பாகம், சன்னலின் மூலை, இரு தகடுகள் சேரும் விளிம்பு. ஓட்டத்தின் அதிர்விலும் வெயிலிலும் பூச்சு வெடித்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடும். உட்சுவரை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று அறிவார்களாம். வண்டியின் எல்லாத் திறப்புகளையும் மூடி, விசிறி இயந்திரத்தால் உள்ளே காற்றை அடைத்து, வெளியே சவர்க்கார நீரைப் பூசினால், கீறல் உள்ள இடத்தில் குமிழி கிளம்பும் என்றார். மிதிவண்டி ரியூப்பை நீரில் அமிழ்த்திப் பார்ப்பவர்கள்தானே நாமும்! சிலிக்கன் பசையைக் கண்ட இடத்தில் அப்பிவிட வேண்டாம், பிறகு அதன்மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது என்று ஓர் எச்சரிக்கையும் செய்தார். அது எமக்குப் பின்னர் பயன்பட்டது.

எமது தமையனார் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள தோட்டம் ஒன்றில், நாம் பிறந்த அதே லயத்தில் இன்றும் வாழ்கிறார். ஒரே கூரையின் கீழ்ப் பத்துக் காம்பராக்கள். அவருடைய மகள் அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் மேசையின்மேல் மூன்று பருவமழைகளாக ஒழுக்கு. அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரு டின் தார் வாங்கி, சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பூசிவந்தார். கல்லூரியிலுள்ள எமது கரும்பலகையும் அவ்வளவு கருமையாக இல்லை. ஒழுக்கு நின்றபாடில்லை.

மழைவிட்ட ஒரு ஞாயிறு முற்பகலில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மேசைமேல் ஏறிநின்று பார்த்தோம். இருட்டில் கூரைத்துளைகள் விண்மீன்போல் தெரியும். தார் பூசிய பகுதியில் ஒரு மீனும் இல்லை. மின்சூள் வெளிச்சத்தில் குறுக்குச் சட்டத்தை நோக்கியபோதுதான், துருக்கலந்த செம்மண் நிறக் கறையொன்று அதன் பக்கவாட்டில் கோடாக ஓடுவது தெரிந்தது. சுண்ணக்கட்டியால் அதைத் தொடர்ந்து குறித்துக்கொண்டே சென்றோம். லயத்தின் ஒரு தலை காலப்போக்கில் சற்றே தாழ்ந்திருந்தது. எனவே நீர் சட்டத்தின் வழியே அந்தச் சரிவில் வந்திருக்கிறது. பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எழுவதில்லை. அடுத்த வீட்டுப் புகையும் பேச்சும் வரும் அந்த இடைவெளியாலேயே நீரும் வந்துகொண்டிருந்தது. கோடு சுவரைத் தாண்டி அப்பால் போயிற்று.

"விடு தம்பி, போதும்" என்றார் அண்ணன்.

அடுத்த வீட்டாரோடு அவர்களுக்கு மூன்றாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இஸ்தோப்புக்கு முன்னால் ஓடும் கானை யார் துப்புரவு செய்வது என்பதில் தொடங்கிய பகை; எங்கெங்கோ போய், எந்தச் சொல் முதலில் பிறந்தது என்பதே இருவீட்டாருக்கும் மறந்துபோயிற்று. அண்ணனும் அண்ணியும் அசையவில்லை. நாம் அழைக்கும் முன்னரே மகள் எழுந்து வெளியே போனாள். "பெரியம்மா, சித்தப்பா ஒருக்கா மேலே பார்க்கணுமாம்" என்று அவள் சொல்வது, அந்தச் சுவர் இடைவெளி வழியாகவே எமக்குக் கேட்டது. நீண்ட மௌனம். பிறகு, "மாஸ்டரை வரச் சொல்லு" என்ற குரல்.

அந்த அம்மையார் வீட்டில் ஒரு பொட்டுக்கூட ஒழுகவில்லை. "நம்ம பக்கம் காய்ஞ்சு கிடக்கு, அவுங்க எதுக்கு நம்மளச் சொல்றாங்கன்னுதான் இத்தனை நாளும் நினைச்சேன்" என்றார். அவருடைய மகன் இளைஞன், எடை குறைந்தவன். ஆணி வரிசையில் மட்டும் கால்வைத்து, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அவன் கூரையேறினான். நீரூற்றிப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு: கீழ்விளிம்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேற வேண்டும். உச்சியிலிருந்து ஊற்றினால் எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் நனைந்து, எது எதுவென்று தெரியாமற் போய்விடும். ஊற்றியபின் பொறுத்திருக்கவும் வேண்டும். அவன் நான்காவது வாளியை, வரிசை வானொலிக் கம்பம்போல நின்ற டிஷ் அன்டனாவின் அடியில் ஊற்றினான். ஒன்றும் இல்லை. அடுத்த இடத்துக்குப் போகவா என்றான், நில் என்றோம். மூன்று நிமிடம் சென்றிருக்கும். "சித்தப்பா, சொட்டுது! என் மேசையிலே சொட்டுது!" என்ற கூச்சல் அடுத்த வீட்டிலிருந்து எழுந்தது.

அன்டனாவைப் பொருத்திய நான்கு போல்ட்டுகளில் இரண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தன. அதைப் பொருத்திய அம்மையாரின் கணவர், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. அன்டனாவைக் கழற்றி, கோடிப்புறத்தில் நட்ட இரும்புக் குழாயில் மாட்டினோம். துளையைச் சுற்றிய துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து உலரவிட்டு, தாரில் தோய்த்த துணியை விரித்து, அதன்மேல் தகரத்துண்டு ஒன்றை வைத்தோம். இத்துண்டின் மேல்விளிம்பு மேலுள்ள தகரத்தின் அடியில் நுழைந்திருக்க வேண்டும். மேலே ஒட்டிவைத்தால், வழிந்துவரும் நீர் அதன் முதுகுப்புறமாகப் புகுந்துவிடும். ஆணிகள் யாவும் ரப்பர் வாஷரோடு மேட்டிலேயே அறையப்பட்டன. செலவு பெரிதன்று. ஆனால் அன்டனாவைத் திசைதிருப்பிப் படத்தை மீட்பதற்குள் இரவு எட்டுமணி நாடகம் பாதி முடிந்துவிட்டது. இரு வீட்டாரும் கூடிநின்று "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று கட்டளையிட்டதில் அந்த இளைஞன்தான் களைத்துப்போனான்.

மறுநாள் தோட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, யாரைக் கேட்டுக் கூரையில் ஏறினீர்கள் என்று வினவிச் சென்றார். கேள்வி சட்டப்படி சரியானதே. அதுதான் எமக்கு உறுத்துகிறது. மைத்துனரின் வண்டிக் கூரை அவருடையது. எந்நேரமும் ஏறலாம், துளையை அடைக்கலாம். லயத்துக் கூரையோ அதன் கீழ்த் தலைமுறை தலைமுறையாக நனைபவருடையதன்று. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, எமது அண்ணன் வீட்டுத் தகரம் மாறவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்றவர்களும் உளர். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது அண்ணனும் அக்கூட்டத்தில் நின்றவர். வீடு வரும்வரை பழுதுபார்க்கும் உரிமையையாவது குடியிருப்பவருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டால் என்ன என்பது எமது கேள்வி. தகரமும் ஆணியும் நிர்வாகம் தரட்டும். ஏறுவதற்கு ஆள் லயத்திலேயே உண்டு.

மேசைமேல் அதன்பின் ஒழுகவில்லை. ஆனால் தை பிறந்ததும் அடுப்படிப் பக்கம் தகரம் வழக்கம்போல் வேர்த்தது. முகட்டுக்குக் கீழே சுவரில் இரண்டு கல்லைப் பெயர்த்துக் கம்பிவலை அடித்தால் போதும் என்று கணக்கிட்டோம். அடுத்த வீட்டாரும் தம் சுவரில் அவ்வாறே செய்ய இசைந்தனர். இம்முறை முன்கூட்டியே அனுமதி கேட்டு, இரு வீட்டார் பெயரிலும் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. எழுதியவள் அண்ணன் மகள். மறுமொழி வரும்வரை அண்ணி விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போது பின்கதவைத் திறந்து வைக்கிறார். குளிர் உள்ளே வருகிறது.